பந்தயம் இல்லாத குளிர்காலம்: ஹேட்ச்பேக்கின் எடையைக் குறைக்கப்போகிறேன், எங்கே தொடங்குவது?

#1 சுமைதாங்கி

எல்லோருக்கும் வணக்கம். பருவத்தின் கடைசிப் பந்தயம் முடிந்து காரை ஷெட்டுக்குள் தள்ளியாகிவிட்டது. அடுத்த போட்டிக்கு நான்கு மாதம் இருக்கிறது. 1.6 லிட்டர், முன்சக்கர இயக்கம், மூன்று கதவு ஹேட்ச்பேக். இதுவரை சாலையில் ஓட்டிக்கொண்டே போய், போட்டியில் ஓடி, அதிலேயே வீடு திரும்பிய கார். அதனால் பின்சீட், ஸ்டெப்னி, ஏசி எல்லாம் அப்படியே இருக்கின்றன. இனிமேல் டிரெய்லரில்தான் போகும். ரோல் கேஜும் (கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு) இந்தக் குளிர்காலத்தில்தான் வெல்டு செய்யப்போகிறோம்.

என்ஜினில் கை வைக்கப் பணம் இல்லை. எடையைக் குறைப்பது இலவசம் என்கிறார்கள். 100 கிலோவாவது குறைய வேண்டும் என்று ஆசை. லித்தியம் பேட்டரி, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கண்ணாடி, லேசான ஃப்ளைவீல் (என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்), கதவுக்குள் ஓட்டை போடுவது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். எதில் தொடங்கலாம்?

#2 பழைய_ஸ்பானர்

தம்பி, தராசில் தொடங்குங்கள். ஸ்பானரை அப்புறம் எடுக்கலாம்.

நான்கு சக்கரத்துக்கும் தனித்தனித் தட்டு வைத்த தராசு யாரிடமாவது இரவல் கிடைக்கும். போட்டிக்கு ஓட்டும்போது இருப்பது போலவே காரை ஏற்றுங்கள். ஹெல்மெட், உடை எல்லாம் போட்டு நீங்கள் உள்ளே உட்கார வேண்டும், டேங்கில் எத்தனை லிட்டர் என்று தெரிந்திருக்க வேண்டும், டயர் காற்று சரியாக இருக்க வேண்டும். நான்கு எண்களையும் எழுதி வையுங்கள். பிறகு கழற்றும் ஒவ்வொரு பொருளையும் எடை போட்டு ஒரு நோட்டில் குறியுங்கள். எங்கிருந்து கழற்றினீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள், முன்னா பின்னா, மேலா கீழா என்று. கிலோ எண் மட்டும் இருக்கும் நோட்டு பாதி நோட்டுதான்.

#3 ஸ்க்ரூட்டினி_மேசை

அதற்கும் முன்னால் விதிப்புத்தகம். உங்கள் பிரிவில் குறைந்தபட்ச எடை எவ்வளவு, அது ஓட்டுநரோடு சேர்த்தா சேர்க்காமலா, பந்தயத்துக்கு முன்பா பின்பா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் கழற்றுகிறவர்களை ஆண்டுதோறும் பரிசோதனை மேசையில் பார்க்கிறேன். கண்ணாடியை மாற்றலாமா, கதவின் உட்சட்டத்தை வெட்டலாமா என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கும். இங்கே நாங்கள் என்ன சொன்னாலும் அந்தப் புத்தகம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

#4 மூன்றாம்_வளைவு

விதியெல்லாம் சரி, ஆனால் மனசு வேண்டும் ப்ரோ! 1934இல் மெர்சிடிஸ்காரர்கள் 750 கிலோ வரம்புக்குள் வர, பந்தயத்துக்கு முந்தைய இரவு வெள்ளைப் பெயின்டையே சுரண்டி எடுத்தார்களாம். அப்படித்தான் வெள்ளி அம்புகள் என்று பெயர் எடுத்த அவர்களுடைய வெள்ளி நிறக் கார்கள் பிறந்தன. அந்த வெறி இருந்தால் 100 கிலோ என்ன, 200 கிலோ குறையும். நான் போல்ட்டையெல்லாம் டைட்டானியத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

#5 ஸ்க்ரூட்டினி_மேசை

கதை அழகுதான். ஆனால் 750 கிலோ உச்சவரம்பு அந்த ஆண்டு கிராண்ட் ப்ரீ பந்தயங்களுக்கு வந்த விதி. பெயின்டைச் சுரண்டியதாகச் சொல்லப்படும் ஐஃபெல் பந்தயம் எடை வரம்பே இல்லாத விதியில் ஓடியது என்று வரலாற்றாய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இல்லாத வரம்புக்காக யார் ராத்திரி கண் விழித்துச் சுரண்டுவார்கள்?

இந்தக் கதையைத் தலைகீழாக்கினால் கிடைப்பது 1984இல் ஃபார்முலா 1 அணியான டைரலின் விவகாரம். கார் குறைந்தபட்ச எடைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். பந்தயம் முடியும் தறுவாயில் பிட்டுக்கு வந்து தண்ணீரோடு ஈயக் குண்டுகளையும் தொட்டிக்குள் ஏற்றிக்கொள்ளும். அந்தப் பருவம் முழுவதும் எடுத்த புள்ளிகளைப் பறித்துவிட்டார்கள். தராசோடு விளையாடினால் நாங்களும் கோபப்படுவோம்.

#6 தராசுத்தட்டு

டைட்டானியம் போல்ட் பற்றி ஒரு சின்னக் கணக்கு. எட்டு மி.மீ. தடிமன், முப்பது மி.மீ. நீளம் உள்ள எஃகு போல்ட் ஒன்று சுமார் 17 கிராம். டைட்டானியத்தின் அடர்த்தி 4.5, எஃகுக்கு 7.85. அப்படியானால் ஒரு போல்ட்டுக்கு மிச்சம் 7 கிராம். 50 போல்ட் மாற்றினால் 350 கிராம். ஒரு தண்ணீர் பாட்டிலை வண்டியில் மறந்து வைத்தால் போச்சு!

மூன்றாம்_வளைவு, கோபம் வேண்டாம். ஆனால் பெல்ட் பிடிமானத்திலும் பிரேக் காலிப்பரிலும் மட்டும் அப்படி எதையும் மாற்றிவிடாதீர்கள்.

#7 மூன்றாம்_வளைவு

கோபம் இல்லை அக்கா. பார்க்க அழகாக இருக்கிறது, அதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

#8 சுமைதாங்கி

விதிப்புத்தகத்தைப் படித்தேன். படித்திருக்கவே வேண்டாம் போல இருக்கிறது. குறைந்தபட்ச எடை 1,060 கிலோ, ஓட்டுநரோடு சேர்த்து, பந்தயம் முடிந்து வரும்போது உள்ள நிலையில்.

தராசும் கிடைத்தது. நான் உள்ளே, டேங்கில் 10 லிட்டர். ஓட்டுநர் பக்கம் முன் 352, பின் 228. பயணி பக்கம் முன் 338, பின் 212. மொத்தம் 1,130. அதாவது நான் குறைக்க முடிந்தது 70 கிலோதான். அதற்குமேல் குறைத்தால் ஈயத்தைப் போல்ட் போட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும். 100 கிலோ ஆசை இங்கேயே முடிந்ததா?

#9 பழைய_ஸ்பானர்

முடியவில்லை, இப்போதுதான் ஆரம்பிக்கிறது. கேஜ் வரப்போகிறது என்று சொன்னீர்களே, அது எத்தனை கிலோ?

#10 தராசுத்தட்டு

அதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் அட்டவணை ஜே, 253ஆம் பிரிவில் முதன்மை வளைவுக்கு (ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவு) இரண்டு அளவு அனுமதி உண்டு. ஒன்று 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. சுவர். இன்னொன்று 50 மி.மீ. விட்டம், 2.0 மி.மீ. சுவர். முதலாவது மீட்டருக்கு 2.62 கிலோ, இரண்டாவது 2.37 கிலோ. பருமனான குழாய்தான் லேசானது! வளைவுக்கு 4 மீட்டர் போனால் 1 கிலோ மிச்சம், அதுவும் காரின் உயரமான இடத்தில். டைட்டானியம் போல்ட் 100 வாங்கினாலும் இது வராது. பெரிய விட்டத்துக்கு உள்ளே இடம் இருக்கிறதா என்று மட்டும் வெல்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அமைப்பு இந்த விதியைத்தான் பின்பற்றுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மற்றக் குழாய்களுக்கு 38 மி.மீ., 2.5 சுவர் என்றால் மீட்டருக்கு 2.19 கிலோ. எளிமையான ஆறு கால் கேஜ், இரண்டு பக்கக் கதவுக் குழாயோடு, அடித்தட்டுகளும் சேர்த்து 40 கிலோவை ஒட்டி வரும். ஆக நீங்கள் குறைக்க வேண்டியது 70 இல்லை, 110. உங்கள் 100 கிலோ ஆசையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

#11 சுமைதாங்கி

ஆகா! சரி, இன்று முதல் சுற்று. பின்சீட்டும் அதன் பெல்ட்டுகளும் 21 கிலோ. ஸ்டெப்னி, ஜாக் 17. பயணி சீட் 16. கார்ப்பெட், அதன் அடியிலிருந்த பஞ்சுப் பட்டை 11. இந்தப் பஞ்சு பழைய மழைத்தண்ணீரைக் குடித்து ஊறிக் கிடந்தது, பிழிந்தால் சொட்டுகிறது. அடுத்து ஏசி.

#12 வயர்க்காரன்

நில்லுங்கள். ஏசியைத் தொடும் முன் உள்ளே இருக்கும் வாயுவை அதற்கான கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்து எடுத்துவிடுங்கள். குழாயைத் திறந்து காற்றில் விட்டால் கை தோல் உறைந்து போகும், சுற்றுச்சூழலுக்கும் கேடு, பல இடங்களில் சட்டப்படியும் குற்றம்.

அதே போல ஏர்பேக், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பிரிடென்ஷனர் இரண்டும் வெடிமருந்து உள்ளவை. பேட்டரியைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, பிறகு கனெக்டரைப் பிரியுங்கள். மல்டிமீட்டரை வைத்து அந்த வயரைச் சோதிக்கவே கூடாது.

வயரிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்து அழுதவன் நான். முதன்மைக் கற்றையில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. பின் வைப்பர், கதவு விளக்கு, ஸ்பீக்கர், பவர் விண்டோ எல்லாம் போகும். ஆனால் கட்டரை எடுத்து வெட்டாதீர்கள். சுற்றியிருக்கும் டேப்பை முழு நீளத்துக்கும் உரித்து, கற்றையைத் தரையில் விரித்து, ஒவ்வொரு முனைக்கும் சீட்டு ஒட்டி, ஒரு வயரை முனையிலிருந்து முனைவரை உருவி எடுங்கள். பத்து வயர் எடுத்ததும் என்ஜின் ஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். மறுபடி பத்து. நான் ஒரேயடியாக நாற்பது வயர் எடுத்துவிட்டு, எரிபொருள் பம்ப்பின் எர்த் எது என்று மூன்று வாரம் தேடினேன். மிச்சமானது 3 கிலோ சொச்சம்.

#13 ஈரத்தடம்

ஹீட்டரை மட்டும் கழற்றாதீர்கள்! நான் ஹீட்டர், ஊதுவிசிறி, அதன் குழாய்கள் என்று 7 கிலோ கழற்றி எறிந்து பெருமைப்பட்டுக்கொண்டேன். வெயிலில் நடந்த மூன்று போட்டியிலும் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது போட்டியில் மழை. இரண்டாம் சுற்றிலேயே முன் கண்ணாடி உள்பக்கம் பால் போல வெளுத்துவிட்டது. கையுறையால் துடைத்தால் கோடு கோடாகப் பரவுகிறது. பிரேக் போடும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் மனதுக்குள் எண்ணிப் போட்டேன். அந்தச் சுற்றோடு பிட்டுக்குள் வந்துவிட்டேன்.

இப்போது சின்ன மின்விசிறியும் கண்ணாடியைச் சூடாக்கும் ஒரு மின் ஹீட்டரும் வைத்திருக்கிறேன். அது 2 கிலோ.

#14 பழைய_ஸ்பானர்

இதுதான். கழற்றும்போது ஒவ்வொரு பொருளிடமும் நீ இங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டுவிட்டுக் கழற்ற வேண்டும்.

#15 மூன்றாம்_வளைவு

சரி, உருப்படியான யோசனை ஒன்று. தரையில் ஒட்டியிருக்கும் தார்ப் பட்டை. சத்தத்தை அடக்க ஆலையிலேயே ஒட்டுவார்கள். சுரண்டினால் நாள் முழுக்க ஆகும், ஹீட் கன் வைத்தால் சூயிங்கம் மாதிரி இழுக்கும். உலர் பனிக்கட்டி வாங்கிப் போடுங்கள். மைனஸ் 78.5 டிகிரி. தார் சுருங்கி, கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

#16 சுமைதாங்கி

செய்துவிட்டேன்! கட்டாயம் எழுதியே ஆக வேண்டும்.

பனிக்கட்டியைத் துணிக்குள் வைத்துப் பொடித்து, கையளவு தடிமனில் தார்மேல் பரப்பினேன். தொட்டிபோல இருக்கும் இடங்களில் கொஞ்சம் ஆல்கஹால் ஊற்றினால் குளிர் ஒரே சீராக இறங்குகிறது. ஐந்தாறு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு தகரத்துக்குள்ளிருந்து டிக், டிக் என்று மெல்லிய சத்தம். குளிர் நாளில் ஓட்டு வீட்டில் கேட்குமே, அதுபோல. தார் தானாகவே தகட்டை விட்டுக் கிளம்புகிறது. ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. உள்ளங்கை அளவுத் துண்டு எழும்பி என் மூக்கின் மேல் வந்து விழுந்தது. அடியில் ஆலையில் அடித்த பெயின்ட், இத்தனை ஆண்டுக்குப் பிறகும் பளபளவென்று.

கதவு இரண்டையும் திறந்து வைத்து, வெளியே நின்றபடி வேலை செய்தேன். அது ஆவியாகும்போது வருவது கரியமில வாயு, கீழேதான் தங்கும், காருக்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. தடித்த தோல் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். செங்குத்தான தகட்டில் மட்டும் பனி நிற்கவில்லை, அங்கே ஹீட் கன்தான். எடை போட்டேன்: 7.9 கிலோ.

இன்னொன்று. எதையும் தாங்காமல் நின்றுகொண்டிருந்த பிராக்கெட், கிளிப், ஆண்டெனா அடித்தட்டு, சிகரெட் லைட்டர் என்று துண்டு துண்டாக ஒரு பையில் போட்டு வந்தேன். பையைத் தூக்கினால் ஒன்றுமில்லாதது போலத்தான் இருந்தது. சமையலறைத் தராசில் 1.9 கிலோ காட்டியது.

#17 வயர்க்காரன்

வெல்டர் வருவதற்கு முன் தார் எடுத்தது நல்லது. தகட்டின் ஒரு பக்கம் வெல்டு செய்யும்போது மறுபக்கம் தார் இருந்தால் புகைந்து தீப்பிடிக்கும். தரைக்கு வெளிப்பக்க அண்டர்கோட் பூச்சையும் வெல்டு வரும் இடங்களில் சுரண்டிவிடுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கிவிடுங்கள், இது கெஞ்சல்.

#18 மூன்றாம்_வளைவு

அடுத்து லித்தியம் பேட்டரி. உன் ஈய பேட்டரி 14 கிலோ இருக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 3 கிலோ. ஐந்து நிமிட வேலையில் 11 கிலோ. அப்புறம் ஃப்ளைவீல். சக்கரத்தில் 1 கிலோ குறைத்தால் காரில் 10 கிலோ குறைத்ததற்குச் சமம், ஞாபகம் வைத்துக்கொள்.

#19 தராசுத்தட்டு

அந்தப் பத்து எங்கிருந்து வருகிறது என்று யாராவது எனக்குக் காட்டுங்களேன்! சுழலும் பொருள் முன்னாலும் போக வேண்டும், சுற்றவும் வேண்டும். டயரின் தரையைத் தொடும் பரப்பில் இருக்கும் 1 கிலோ, வேகம் எடுக்கும்போது ஏறக்குறைய 2 கிலோ போல நடந்துகொள்ளும். அதற்குமேல் போக இயற்பியலில் இடமே இல்லை. 15 அங்குல ரிம்மின் ஓரத்தில் இருக்கும் 1 கிலோ சுமார் 1.4. சக்கரத்தின் மையமான ஹப் பக்கம் இருப்பது 1தான். லேசான சக்கரம் நல்லதுதான், மேடு பள்ளத்தில் சஸ்பென்ஷன் அதை எளிதாகக் கட்டுப்படுத்தும். ஆனால் பத்து கிடையாது.

ஃப்ளைவீல் கதை வேறு. அது சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றுவதால் கியர் விகிதத்தின் வர்க்கம் உள்ளே வருகிறது. உதாரணத்துக்கு, மையத்திலிருந்து 11 செ.மீ. தொலைவில் 4 கிலோ கடைசல் போட்டு எடுத்ததாக வையுங்கள். முதல் கியரில் மொத்த விகிதம் 12.9, டயரின் ஆரம் 29 செ.மீ. என்றால், அது காரில் ஏறத்தாழ 95 கிலோ குறைத்ததற்குச் சமம். அதையே நான்காம் கியரில், மொத்த விகிதம் 4.1 என்று போட்டால் 10 கிலோகூட இல்லை. பந்தயத்தில் முதல் கியரில் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள்? கிளம்பும்போது மூன்று விநாடி. அதற்காக கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் தேய்ந்து எப்படியும் இறக்கும் ஆண்டு வரட்டும், அப்போது சேர்த்துச் செய்யுங்கள். வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை அளவுக்கு மீறிக் கடையவும் கூடாது, அது சிதறினால் காலுக்குப் பக்கத்தில்தான் சிதறும்.

#20 ஈரத்தடம்

லித்தியம் பேட்டரி பற்றி: குளிரில் அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும். ஷெட்டில் சார்ஜரில் மாட்டி வைத்துவிட்டு ஒருவர் போனார், வசந்தத்தில் வந்து பார்த்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. ஒருவர் என்ன ஒருவர், நான்தான்.

#21 சுமைதாங்கி

கேஜ் வந்துவிட்டது. பருமனான குழாய்தான், அக்கா சொன்னபடி. தராசில் மறுபடி ஏற்றினோம். அதே 10 லிட்டர், அதே நான். கழற்றியது 94 கிலோ, கேஜ் 40.

ஓட்டுநர் பக்கம் முன் 351, பின் 206. பயணி பக்கம் முன் 323, பின் 196. மொத்தம் 1,076. இன்னும் 16 கிலோ கையில் இருக்கிறது. லித்தியம் பேட்டரி போட்டால் 11 போய்விடும், பின் கண்ணாடிகளுக்குப் பாலிகார்பனேட் போட்டால் மிச்சமும் போய்விடும். வரம்பைத் தொட்டுவிடலாம். ஆர்டர் போடட்டுமா?

#22 தராசுத்தட்டு

போடாதீர்கள். உங்கள் எண்களைக் கொஞ்சம் பாருங்கள்.

முன்பு முன்சக்கரங்களில் 690, மொத்தத்தில் 61.1 சதவீதம். இப்போது 674, ஆனால் 62.6 சதவீதம். கேஜ் பங்கும் சேர்ந்து முன்னால் 16 கிலோ குறைந்திருக்கிறது, பின்னால் 38. கழற்றச் சுலபமானதெல்லாம் பின்னால் இருப்பதால் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும். கார் லேசாகிவிட்டது, மூக்கு மட்டும் கனமாகவே இருக்கிறது.

இப்போது லித்தியத்துக்கு மாற்றாமல், இருக்கும் 14 கிலோ பேட்டரியைப் பயணி பக்கம் பின்சக்கரத்தின் மேல், தரையை ஒட்டி வைத்தால்? முன் 660, அதாவது 61.3 சதவீதம். ஓட்டுநர் பக்கச் சாய்வும் 51.8இலிருந்து 50.5க்கு வருகிறது. லித்தியம் போட்டால் 1,065 கிலோ, மூக்குக் கனம் கிட்டத்தட்ட அப்படியே. இதில் 1,076 கிலோ, ஆனால் நேரான கார். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

#23 மூன்றாம்_வளைவு

இதை நான் ஏற்கமாட்டேன் அக்கா. முன்சக்கர இயக்கத்துக்கு முன்னால் கனம் நல்லது. கிளம்பும்போது பிடிப்பு கிடைக்கும், மழையில் இன்னும் நல்லது. பின்னால் கனத்தைப் போட்டு என்ன பயன்?

#24 பழைய_ஸ்பானர்

கிளம்பும்போது நீ சொல்வது சரி. ஆனால் அந்த இரண்டு டயர்தான் இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கில் முக்கால்வாசியையும் தாங்குகிறது. டயரில் சுமையை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிக்காது, அதற்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளில் முன் டயர் வெந்து, கார் வெளியே வெளியே போகுமே, அனுபவித்திருப்பாய்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பின்னால் லேசான காரில் பிரேக் போட்டால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். சுமைதாங்கி, உங்கள் பின் அச்சுப் பக்கம் ஒரு கம்பியோ ஸ்ப்ரிங்கோ கோத்த சின்ன வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். காரின் பின்புறம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆலை உயரத்தில் அது நல்ல பிள்ளை. நீங்கள் காரைத் தாழ்த்தினால் அது பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு முழு அழுத்தம் அனுப்பும். காலியான பின்புறம், முழு பிரேக்! ஒருமுறை அப்படிப் பின்பக்கமாக ஓடுதளத்தை விட்டு வெளியே போயிருக்கிறேன். கண்ணாடியில் வானம் தெரிந்தது.

#25 சுமைதாங்கி

பார்த்தேன் அண்ணா. இருக்கிறது. ஒரு கம்பி, நடுவில் ஸ்ப்ரிங். இத்தனை நாள் அதை ஏதோ பிராக்கெட் என்று நினைத்திருந்தேன், பைக்குள் போட இருந்தேன்.

அப்புறம் பின்புறம் 9 மி.மீ. உயர்ந்திருக்கிறது.

#26 தராசுத்தட்டு

உயரத்தான் செய்யும். பின்னால் ஒரு சக்கரத்துக்கு 19 கிலோ குறைந்திருக்கிறது, சக்கரத்தில் அளந்தால் உங்கள் ஸ்ப்ரிங் மி.மீ.க்கு 2 கிலோ போலிருக்கிறது. உயரம் மாறினால் கேம்பரும் டோவும் (சக்கரம் சாய்ந்தும் திரும்பியும் நிற்கும் கோணங்கள்) மாறியிருக்கும், போன பருவ அளவுகளை நம்பாதீர்கள். ஷாக் அப்சார்பரும் இப்போது முன்னைவிட இறுக்கமாகத் தோன்றும், ஒரு சொடுக்கு தளர்த்திப் பாருங்கள்.

குறுக்குச் சமநிலையையும் பாருங்கள். பயணி முன், ஓட்டுநர் பின் இரண்டையும் கூட்டினால் 529, மொத்தத்தில் 49.2 சதவீதம். ஸ்ப்ரிங் தட்டைத் திருகி அதை 50க்குக் கொண்டுவரலாம். இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்பை ஒரு பக்கம் கழற்றிவிட்டுத் திருகுங்கள், இல்லையென்றால் எண் பொய் சொல்லும். ஆனால் ஸ்ப்ரிங் தட்டால் முன்-பின், இட-வலப் பங்கை மாற்றவே முடியாது. அதற்குப் பொருளை இடம் மாற்றத்தான் வேண்டும். அதனால்தான் பேட்டரிக்கு இவ்வளவு சண்டை போடுகிறேன்.

#27 ஸ்க்ரூட்டினி_மேசை

பேட்டரியை உள்ளே வைப்பதாக இருந்தால் நான் பார்க்கப்போவது இவைதான். திரவம் சிந்தாத மூடிய வகையா, வெளியே காற்றுப்போக்கு உள்ள பெட்டிக்குள் இருக்கிறதா, உலோகச் சட்டம் தரையின் அடியில் தகடு வைத்துப் போல்ட் போட்டிருக்கிறதா, பாசிட்டிவ் முனை மூடியிருக்கிறதா, முன்னால் போகும் கேபிள் தகட்டைத் துளைக்கும் இடங்களில் ரப்பர் வளையம் இருக்கிறதா. பெட்டியைப் பிடித்து முழு பலத்தோடு ஆட்டுவேன். ஆடினால் திருப்பி அனுப்புவேன்.

பாலிகார்பனேட் கேட்டிருந்தீர்கள். உங்கள் பிரிவில் பின்பக்கம் மட்டும் அனுமதி என்று நினைக்கிறேன், பாருங்கள். முன் கண்ணாடி லேமினேட் கண்ணாடியாகவே இருக்கட்டும். 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ, அதே தடிமன் பாலிகார்பனேட் 4.8. மேலே இருக்கும் எடை என்பதால் லாபம்தான். ஆனால் அக்ரிலிக்கை வாங்கி வந்து நிற்காதீர்கள், அது கத்திபோலச் சில்லுச் சில்லாக உடையும். பாலிகார்பனேட்டைப் பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடைக்கவும் வேண்டாம், அன்று மாலையே சிலந்திவலை மாதிரி வெடிப்பு விடும்.

#28 மூன்றாம்_வளைவு

கதவுக்குள் ஓட்டை போடுவது பற்றி யாருமே சொல்லவில்லையே? ஹோல் சா வாங்கி வைத்திருக்கிறேன்.

#29 பழைய_ஸ்பானர்

அதை டப்பாவிலேயே வை. 50 மி.மீ. ஓட்டை, 1 மி.மீ. தகடு: ஒன்றுக்கு 15 கிராம். நூறு ஓட்டை போட்டால் ஒன்றரைக் கிலோ, நூறு கூர்மையான விளிம்பு. கதவில் குறைக்க வேண்டுமானால் கண்ணாடி ஏற்றும் மோட்டாரைக் கழற்று. பக்கவாட்டு மோதலைத் தாங்கும் கம்பியைக் கேஜின் கதவுக் குழாய் இல்லாமல் தொடாதே.

#30 சுமைதாங்கி

நேற்று முழு நாளும் தராசோடுதான். பேட்டரி பின்னால், பயணி பக்கம், ஸ்க்ரூட்டினி_மேசை சொன்ன எல்லாவற்றோடும். நானே பெட்டியைப் பிடித்து ஆட்டினேன், கார் ஆடியது, பெட்டி ஆடவில்லை. பிரேக் வால்வின் கம்பியைப் புதிய உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்தேன். காலியான இடத்தில் முதலில் மெதுவாக, பிறகு வேகமாகப் பிரேக் போட்டுப் பார்த்தேன். முன்சக்கரம்தான் முதலில் பூட்டுகிறது.

ஓட்டுநர் பக்கம் முன் 333, பின் 210. பயணி பக்கம் முன் 327, பின் 206. மொத்தம் அதே 1,076. குறுக்கு 49.9.

லித்தியம் ஆர்டரை ரத்து செய்துவிட்டேன். அந்தப் பணத்தில் குழாய் வழி ஓடும் தீயணைப்புக் கருவி வருகிறது, மொத்தம் 6 கிலோவாம். அதை எங்கே வைப்பது என்று இன்னொரு கேள்வி இருக்கிறது.

#31 தராசுத்தட்டு

பயணி சீட் இருந்த இடத்தில், தரையோடு, முடிந்தவரை பின்னால் தள்ளி. போல்ட் போடும் முன் வெறுமனே அங்கே வைத்துத் தராசைப் பாருங்கள்.

#32 மூன்றாம்_வளைவு

அந்த 14 கிலோ பேட்டரியைச் சுமந்துகொண்டு என்னை முந்தினால் என் டைட்டானியம் போல்ட் எல்லாம் உனக்கே.

#33 சுமைதாங்கி

வேண்டாம் ப்ரோ, எடை கூடிவிடும்.